விசா கொடுக்கும் முதலாளி: காலடிப்பேட்டை முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாளுக்கு சென்னைக்கு வடக்கே ஒரு கிளைக்கதை உண்டு. திருவொற்றியூர் பக்கம் காலடிப்பேட்டை என்று ஓர் இடம். 1717 முதல் 1720 வரை சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களையும் துணியில் சாயம் எழுதுபவர்களையும் கூட்டி வந்து குடியமர்த்திய ஊர் அது. காலெட் பேட்டைதான் நம்மவர் வாயில் காலடிப்பேட்டை ஆகிவிட்டது. கவர்னரிடம் வேலை பார்த்த வீரராகவர் என்பவர் தினமும் காஞ்சிக்குப் போய் வரதரைச் சேவித்துவிட்டுத்தான் வேலைக்கு வருவாராம். அவருக்காகவே கவர்னர் அங்கே கல்யாண வரதராஜர் கோயிலைக் கட்டிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். (1718 வாக்கில் காஞ்சிக்கும் திருவொற்றியூருக்கும் டெய்லி அப் அண்ட் டவுன்! கதை என்றே வைத்துக்கொள்வோம்.)

கதையை விட்டுவிட்டுக் கணக்கைப் பார்ப்போம். கம்பெனிக்குத் துணி வேண்டும். தறி தெரிந்தவர்கள் வெளியூரில் இருந்தார்கள். அதனால் இடம் கொடுத்து, முன்பணம் கொடுத்து, பாதுகாப்பு கொடுத்து அழைத்து வந்தார்கள். 1730களில் சிந்தாதிரிப்பேட்டை உருவானதும் இப்படித்தான். சின்னத் தறிப்பேட்டை என்பதே அந்தப் பெயர். முன்பணம் வாங்கிய நெசவாளர், அந்தத் துணியை நெய்து முடிக்கும்வரை வேறு வியாபாரிக்கு நெய்ய முடியாது. அழைத்து வருபவரே கட்டியும் வைப்பார். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் இன்றைய வேலை விசா பாதி புரிந்துவிடும்.

விசா ஸ்பான்சர் என்றதும் எல்லோரும் அமெரிக்காவைத்தான் நினைக்கிறார்கள். ஆனால் வெளிநாட்டு இன்ஜினியர்களுக்கு ஸ்பான்சர் செய்யும் கம்பெனிகள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருக்கின்றன. 1996 மே மாதம் ஹூண்டாய் இந்தியாவில் கம்பெனி தொடங்கி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தொழிற்சாலை கட்டியது. 1998 செப்டம்பரில் சான்ட்ரோ வெளிவந்தது. கூடவே கொரிய உதிரிபாகக் கம்பெனிகளும், கொரிய இன்ஜினியர்களும், அவர்கள் குடும்பங்களும் வந்தன. பிறகு 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் வந்தது, ஜப்பானியர்களும் பிரெஞ்சுக்காரர்களும் வந்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பஸ்ஸில் போனால் கொரிய எழுத்தில் ஓட்டல் போர்டு பார்க்கலாம். ராமானுஜர் பிறந்த ஊரில்!

இவர்கள் இங்கே வேலை செய்ய இந்திய அரசு கொடுப்பது எம்ப்ளாய்மென்ட் விசா. அதன் விதிகளைப் படித்தால் அமெரிக்க விதிகளைப் படிப்பது போலவே இருக்கும். ஒரு குறிப்பிட்ட கம்பெனியின் பேரில்தான் விசா. அந்தக் கம்பெனிதான் பொறுப்பு. இந்தியர்கள் ஏராளமாகக் கிடைக்கும் வேலைக்கு விசா கிடையாது. நினைத்தபடி கம்பெனி மாற முடியாது. சம்பளத்துக்கும் ஒரு கீழ்வரம்பு உண்டு. அது ஆண்டுக்கு 25,000 டாலர் என்று இருந்து, பின்னால் ரூபாயில் 16.25 லட்சம் ஆனது. குறைந்த சம்பளத்துக்கு ஆளைக் கொண்டுவந்து உள்ளூர்க்காரர் வயிற்றில் அடிக்கக் கூடாது என்பதுதான் காரணம். இதில் ஒரு சுவாரஸ்யம், அந்தந்த நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரருக்கு இந்த வரம்பு கிடையாது. இன்ஜினியருக்கு வரம்பு, கிம்ச்சி போடுகிறவருக்கு விலக்கு :-)

2009இல் இந்தியாவில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. மின் நிலையம் போன்ற திட்டங்களில் வேலை பார்த்த பல வெளிநாட்டவர், பெரும்பாலும் சீனர்கள், பிசினஸ் விசாவில் வந்திருந்தார்கள். பிசினஸ் விசா கூட்டம் பேச, சரக்கு பார்க்க, ஒப்பந்தம் போட. ஸ்பேனர் பிடிக்க அல்ல. அந்த அக்டோபர் இறுதிக்குள் அவர்கள் நாடு திரும்ப வேண்டும், சரியான விசாவில்தான் மறுபடி வரலாம் என்று அரசு சொன்னது. 2010இல் மின்சாரம், எஃகுத் துறைகளுக்கென்று தனியாக ப்ராஜக்ட் விசா கொண்டுவந்தார்கள்.

இனி அமெரிக்கக் கதை. 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் எச்-1 என்ற பிரிவு வந்தது. 1990இல் அதிலிருந்து எச்-1பி பிரிந்தது, ஆண்டுக்கு 65,000 என்ற வரம்போடு. ஒய்2கே வேலையும் டாட்காம் மோகமும் சேர்ந்து அந்த வரம்பு போதாமல் போனது. 1998இல் ஒரு சட்டத்தால் 1,15,000 ஆக்கினார்கள், 2000இல் இன்னொரு சட்டத்தால் 2001 முதல் 2003 வரையிலான நிதியாண்டுகளுக்கு 1,95,000 ஆக்கினார்கள். அதற்குள் டாட்காம் குமிழி உடைந்து, அந்த ஆண்டுகளில் கோட்டாவே நிரம்பவில்லை. 2004 நிதியாண்டில் பழைய 65,000க்கே திரும்பியது. பிறகு அமெரிக்காவில் மாஸ்டர்ஸ் படித்தவர்களுக்கு என்று 20,000 கூடுதலாகச் சேர்த்தார்கள்.

அந்தக் காலத்தில் ஸ்பான்சர் செய்யும் கம்பெனியை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஹிந்து பேப்பரின் புதன்கிழமை வேலைவாய்ப்பு இணைப்பு, ஓட்டலில் வாக்-இன், சீனியர் அண்ணன் கொடுத்த ஒரு மெயில் ஐடி. இதில்தான் பாடி ஷாப்பர்கள் புகுந்தார்கள். விசா வாங்கிக் கொடுத்து ஆளை அழைத்துப் போவார்கள். அங்கே ப்ராஜக்ட் இல்லையென்றால் பெஞ்சில் உட்கார வைப்பார்கள், சம்பளம் வராது. வேறு கம்பெனிக்குப் போனால் ஒப்பந்தத்தைக் காட்டி அபராதம் கேட்பார்கள். 1998 சட்டம் பெஞ்சுக்கும் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. அதே சட்டம் கொண்டுவந்த கூடுதல் கட்டணத்தையும் கம்பெனியேதான் கட்ட வேண்டும், ஊழியரிடம் வாங்கக் கூடாது. ஆகவே "இத்தனை லட்சம் கட்டு, எச்-1பி நிச்சயம்" என்று யாராவது சொன்னால் அங்கேயே கிளம்பிவிடலாம்.

நல்ல விஷயம் என்னவென்றால், இந்த ஏற்பாட்டின் கணக்குப் புத்தகம் திறந்தே கிடக்கிறது. ஒவ்வொரு எச்-1பிக்கும் முன்னால் கம்பெனி அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் ஒரு விண்ணப்பம் போட வேண்டும். என்ன பதவி, எந்த ஊர், எவ்வளவு சம்பளம், அந்த ஊரில் அந்த வேலைக்கு வழக்கமான சம்பளம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பட்டியலைத் துறையே பொதுவில் வெளியிடுகிறது. 2019இலிருந்து எந்தக் கம்பெனிக்கு எத்தனை எச்-1பி அனுமதி, எத்தனை நிராகரிப்பு என்பதைக் குடியேற்றத் துறையும் தனியாகத் தருகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விண்ணப்பம் போட்டது வேறு, விசா கிடைத்தது வேறு. (லெட்ஜரையும் பேங்க் ஸ்டேட்மென்டையும் ஒப்பிடுவது போலத்தான்.) பட்டியலில் சாஃப்ட்வேர்தான் கொட்டிக் கிடக்கும். மெக்கானிக்கல், சிவில் ஆட்களுக்கு இன்னொரு வழி உண்டு. இங்கேயுள்ள பன்னாட்டுக் கம்பெனியில் சேர்ந்து, ஒரு வருடமாவது வேலை பார்த்து, மேலாளராகவோ அந்தக் கம்பெனிக்கே உரிய தனி அறிவு உள்ளவராகவோ அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகிப் போகும் எல்-1 விசா. 1970இல் வந்தது, அதற்கு ஆண்டு வரம்பு கிடையாது. ஆனால் அதில் கட்டு இன்னும் இறுக்கம். வேறு கம்பெனிக்கு அந்த விசாவோடு போக முடியாது.

2025 செப்டம்பரில் இந்தக் கதைகள் எல்லாம் ஒரே மாதத்தில் வந்து மோதின. 4ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிய பேட்டரி ஆலையில் சோதனை நடந்து சுமார் 475 பேர் பிடிபட்டார்கள். அதில் 300க்கும் மேற்பட்டவர்கள் கொரியர்கள். பலர் வந்தது குறுகிய கால பிசினஸ் விசாவிலோ, விசா இல்லாமல் வரும் சலுகையிலோ. நம் ஊருக்கு வந்து லைன் போட்டுக் கொடுத்ததைப் போன்ற ஆட்கள்தான், கையில் விலங்கோடு டிவியில் தெரிந்தார்கள். ஒரு வாரத்தில் தனி விமானத்தில் கொரியா திரும்பினார்கள். 2009இல் நாம் சீனர்களிடம் கேட்ட அதே கேள்விதான். கேட்ட விதம் மட்டும் வேறு. பிறகு இரு நாடுகளும் பேசி, இயந்திரம் பொருத்தவும் பழுது பார்க்கவும் பிசினஸ் விசாவில் வரலாம் என்று தெளிவுபடுத்தினார்கள்.

அதே மாதம் 19ஆம் தேதி, புதிய எச்-1பி மனுவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபரின் உத்தரவு வந்தது. இது நாட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கான புதிய மனுக்களுக்குத்தான், அங்கேயே மாணவர் விசாவில் இருந்து மாறுபவர்களுக்கு இல்லை என்று அக்டோபரில் விளக்கம் கொடுத்தார்கள். ஆக ஒரு கம்பெனிக்கு, காஞ்சிபுரத்தில் உட்கார்ந்து அப்ளை செய்யும் இன்ஜினியரும், அதே மார்க்கோடு டெக்சாஸில் மாஸ்டர்ஸ் முடித்த அவருடைய கிளாஸ்மேட்டும் செலவுக் கணக்கில் ஒரு லட்சம் டாலர் தள்ளி நின்றார்கள்.