ப்யூக்குக்கு அம்பாசடர் ஆக்சில்

சிந்தாதிரிப்பேட்டைன்னா நிறைய பேருக்கு மீன் மார்க்கெட்தான் ஞாபகம் வரும். 1734-ல, கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்துல, நெசவாளர்களுக்காக உருவான பேட்டை இது. ஆனா இன்னைக்கு நம்ம கதை தறியைப் பத்தி இல்ல, சக்கரத்தைப் பத்தி. பேட்டையை ஒட்டி மவுண்ட் ரோட்டுல சிம்ப்சன். 1840-ல குதிரை வண்டி கட்ட ஆரம்பிச்ச கம்பெனி. 1903-ல அங்க சாமுவேல் ஜான் கிரீன் ஒரு நீராவி காரே செஞ்சார். இந்தப் பக்கம் கூவத்தைத் தாண்டினா புதுப்பேட்டை, பழைய வண்டியைப் பிரிச்சு விக்கற இடம். வண்டியைக் கட்டற இடத்துக்கும் உடைக்கற இடத்துக்கும் நடுவுல ஒரு ஆறுதான்.

அந்தக் காலத்து சொகுசு வண்டின்னா ப்யூக். ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல இருந்து பம்பாய் சிவ்ரியில கார் அசெம்பிள் பண்ணினாங்க. இங்கயே உற்பத்தி பண்ற திட்டம் இல்லாத கம்பெனிகளுக்கு இடமில்லைன்னு அரசு முடிவெடுக்க, 1954-ல மூடிட்டாங்க. வண்டிங்க ஓடிட்டுதான் இருந்துச்சு, ஸ்பேர்தான் வரல. பின் ஆக்சில்ல கிரௌன் பினியன் தேய்ஞ்சா என்ன பண்றது? ஊரெல்லாம் கிடைக்கற அம்பாசடர் ஆக்சிலையோ ஜீப் ஆக்சிலையோ மாட்டறதுதான் வழி.

கேட்க ஈசியா இருக்கும். ஆனா சக்கரம் ரோட்டைத் தள்ளும்போது, அந்தத் தள்ளு விசை ஏதோ ஒரு இடத்துல சேசிஸுக்குப் போய்ச் சேரணும், அப்பதான் வண்டி நகரும். அம்பாசடர்ல அது லீஃப் ஸ்பிரிங்கோட முன் கண் வழியா போகும். 1938 ப்யூக்ல பின்னாடி காயில் ஸ்பிரிங். அது வெயிட்டை மட்டும்தான் தாங்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு தடிமனான குழாய்க்குள்ள இருக்கும், அதுக்குப் பேர் டார்க் டியூப். தள்ளு அந்தக் குழாய் வழியா கியர்பாக்ஸ் பக்கம் வந்து, அங்கிருந்து சேசிஸுக்குப் போகும். எங்க பாஷையில சொன்னா இன்டர்ஃபேஸே வேற.

அப்போ ஆக்சிலை மாத்தறதுன்னா, டார்க் டியூப் போகணும். கியர்பாக்ஸ் பின்னாடி யுனிவர்சல் ஜாயிண்ட் வரணும். பினியன் கோணம் சரியா உட்காரலன்னா, கொஞ்சம் வேகம் எடுத்தாலே வண்டி உதறும். எல்லாத்தையும் விட முக்கியம், லீஃப் ஸ்பிரிங் தொங்க சேசிஸ்ல புதுசா பிராக்கெட் வெல்ட் பண்ணணும். அந்த இடம் அந்த விசைக்காக டிசைன் பண்ணினதே இல்ல. உள்ளே பிளேட் வச்சு பலப்படுத்தாம சும்மா பத்தவச்சா, வெல்டிங் ஓரத்துல விரிசல் விழும். இதையெல்லாம் டிராயிங் இல்லாம, கண் அளவுல செஞ்சவங்க பேர் எந்தப் புத்தகத்துலயும் இல்லங்கறது எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

இப்ப கதையில ட்விஸ்ட். 2021-ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டுவந்துச்சு. 50 வருஷத்துக்கு மேல ஆகியிருக்கணும், ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும், பெரிய மாற்றம் எதுவும் செஞ்சிருக்கக் கூடாது. தேறினா 20,000 ரூபா கட்டி 'விஏ' வரிசை நம்பர் வாங்கலாம். அப்போ அந்த வண்டி இரும்புக் கடைக்குப் போகாம காப்பாத்தின அதே வெல்டிங், இன்னைக்கு அதோட தகுதிக்கே வேட்டு வைக்கலாம். என் கருத்துல இது அநியாயம். 1960-ல செஞ்ச ரிப்பேரும் அந்த வண்டியோட வரலாறுதானே?

இன்னைக்கு வழி இருக்கு. தேய்ஞ்ச கிரௌன் பினியனை சாம்பிளா கொடுத்து புதுசு வெட்டி வாங்கலாம். செலவு ஜாஸ்தி, ஆனா சேசிஸ்ல கை வைக்க வேண்டாம். ஆக்சிலை மாத்தியே ஆகணும்னா, வெல்ட் பண்ணாம போல்ட்டுல நிக்கற மாதிரி பிராக்கெட் செய்யச் சொல்லுங்க. கழட்டின டார்க் டியூபை மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க.