வானொலிப் பெட்டிகளுக்கு ஒரு வீடு

மின்சாரம் வராத காலத்தில் தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால், மாலையில் கூட்டமெல்லாம் அந்த வாசலில்தான். பேட்டரி தீர்ந்தால் சம்பள நாள் வரை பெட்டி ஊமை. அந்தப் பெட்டிகள் பிறகு எங்கே போயின? பழைய இரும்புக்காரர் கொண்டுபோனது போக மிச்சம் கறையானுக்கு. அப்படிப் போகவிடாமல் காத்த ஒரு கடற்கரை ஊரைப் பற்றி இன்று பேசுவோம்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகள் இருக்கின்றன. அவற்றின் நடுவே ஸ்காப்பா ஃப்ளோ என்னும் இயற்கைத் துறைமுகம். இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படை அங்கேதான் தங்கியது. 1939 அக்டோபர் 14 அதிகாலையில் ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று உள்ளே நுழைந்து 'ராயல் ஓக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் கிழக்குப் பக்கத்து நீர்வழிகளைக் கல்லும் கான்கிரீட்டும் கொட்டி அடைத்தார்கள். இத்தாலியப் போர்க்கைதிகளும் அந்த வேலையில் உழைத்தனர். 1945இல் அணைகளின்மீது சாலை திறக்கப்பட்டது. படகையே நம்பியிருந்த தெற்குத் தீவு மக்களுக்குப் போர் தந்த நன்மை இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது.

அந்தத் தெற்குத் தீவில், செயின்ட் மார்கரெட்ஸ் ஹோப் என்ற சிற்றூரில் ஜிம் மெக்டொனால்ட் என்பவர் இருந்தார். வீட்டு வானொலிகள், போர்க்காலத் தகவல் கருவிகள் என்று மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கியவற்றைச் சேர்த்து வைத்தார். 1980களில் அவற்றைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார். அதுவே ஆர்க்னி வானொலி அருங்காட்சியகம்.

ஒருவர் ஆசையாய்ச் சேர்த்தது அவரோடு முடிந்துவிடுவதைத்தான் நாம் அதிகம் பார்க்கிறோம். இங்கே அப்படி நடக்கவில்லை. அவர் மறைந்த பிறகு ஊரார் பொறுப்பேற்றார்கள். 1997இல் எல்லாவற்றையும் கர்க்வால் துறைமுக நகருக்குக் கொண்டுவந்தார்கள். சம்பளம் வாங்காத தொண்டர்களே கோடை மாதங்களில் கதவைத் திறந்து, வந்தவர்களுக்கு விளக்கம் சொன்னார்கள்.

அதற்கு விளக்கம் தேவைதான். பழைய வால்வுப் பெட்டியைத் திருகியவுடன் பாட்டு வராது. வால்வுக்குள் இருக்கும் இழை சூடேறி மின்னணுக்களை வெளிவிட வேண்டும். அந்தச் சூட்டுக்கு இரண்டு வோல்ட் ஈய மின்கலம் ஒன்று, ஒலிக்கு 90 முதல் 120 வோல்ட் வரை தரும் உலர் பேட்டரி ஒன்று. ஈய மின்கலம் கண்ணாடிப் புட்டியில் அமிலத்தோடு இருக்கும். அதைக் கடைக்குத் தூக்கிப்போய் மின்னேற்றி வருவார்கள். வழியில் சிந்தினால் சட்டையில் ஓட்டை! இதைத் தூக்கிச் சுமந்தவர் சொன்னால்தான் பிள்ளைகளுக்குப் புரியும்.

பல தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது நாம் பெட்டிகளை மட்டும் விட்டுவரவில்லை. பால்கத்தி, வாளி, பெயர் எழுதிய சம்பளச் சீட்டு எல்லாம் போயின. எஞ்சியது ஏதும் உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், அது யாருடையது, எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று ஒரு தாளில் எழுதி அதோடு கட்டி வையுங்கள். தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.