அடுக்களையில் ஒளித்த ஏடு

நம் சங்கத்து அன்பர்கள் நால்வர் ஓரிடத்துக் கூடினால், இளமையிற் கதைப் புத்தகத்தைப் பூகோளப் பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்த பேச்சு எவ்வாறேனும் வந்துவிடுகிறது. விளக்கை அணைக்கச் சொன்ன பின்னர்த் தெருவிளக்கின்கீழ்ப் போய் அமர்ந்ததையும், அகப்பட்டுக்கொண்டு வசை பெற்றதையும் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறோம். ஆயினும், பிழைப்பு நாடி வந்து நாம் வாழும் இவ்வங்க நாட்டில் இதே களவை ஒரு பெண்மணி புரிந்த வரலாற்றை அறிந்தபின் நமது பெருமை சற்றே சுருங்கிவிட்டது.

அவ்வம்மையார் பெயர் ராஸசுந்தரி தேவி. 1809-ஆம் ஆண்டையொட்டிப் பப்னா மாவட்டத்துப் போதாஜியா என்னும் சிற்றூரில் பிறந்தவர். அவ்வூர் இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்தது. தந்தையை மிக இளமையிலேயே இழந்த அவர், எதற்கும் அஞ்சும் இயல்பினராய் இருந்தார். எட்டு வயதளவில், வெளியே சென்று பிற குழந்தைகளிடம் துன்புறாதிருக்கட்டும் என்று கருதிப் பெரியோர் அவரை வீட்டின் வெளிக்கட்டில் நடந்த பாடசாலையிற் கொண்டுபோய் உட்காரவைத்தனர். அவருக்குப் பாடம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் எவருக்கும் இல்லை. ஆண் பிள்ளைகள் தரையில் எழுத்துக்களை எழுதி, கோல்கொண்டு சுட்டி, உரக்க ஓதுவர். சிறுமி வாய் திறவாது கேட்டிருந்தாள். கேட்டே எழுத்துக்களை மனத்தில் பதித்துக்கொண்டாள். இரண்டாண்டுகள் சென்றன. ஒருநாள் வீடு தீப்பற்றியது. அத்துடன் பாடசாலையும் போயிற்று.

ஈசுவர சந்திர வித்யாசாகரர் 1820-இல் பிறந்தவர். எட்டு வயதளவில் தந்தையுடன் தம் ஊரிலிருந்து கல்கத்தாவுக்கு நடந்து வருகையில், வழியிலிருந்த மைல் கற்களைப் பார்த்தே ஆங்கில இலக்கங்களைக் கற்றார் என்பதை இங்குப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். பாதையோரத்துக் கற்களை எண்ணிப் பழகிய இரயில்வேக்காரராகிய நமக்கு அக்கதையில் தனிப் பிரியம் உண்டு. ஆனால், மைல் கல் பொது வழியில் நிற்பது. பையன் அதைப் படித்தால் தந்தை மகிழ்வார். ஏறக்குறைய அக்காலத்திலேயே வாழ்ந்த ராஸசுந்தரிக்கு அத்தகைய கல் ஒன்றும் நடப்பட்டிருக்கவில்லை.

பன்னிரண்டாம் வயதில் மணம். பரீத்பூர்ப் பக்கத்து ராம்தியா கிராமத்தில் செல்வமுள்ள பெருங்குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். முகத்திரையை இழுத்துவிட்டுக்கொண்டு இருவேளையும் அத்தனை பேருக்கும் சமைக்கவேண்டும். பதினெட்டாம் வயது தொடங்கி நாற்பத்தொன்றாம் வயதுக்குள் பன்னிரண்டு மக்களைப் பெற்றார். கணவரின் குதிரை முற்றத்தில் தானியம் தின்றுகொண்டிருந்தால், அதன் முன்னே வருவதற்கும் நாணி உள்ளேயே நின்றுவிடுவாராம்! படித்த பெண் கைம்பெண் ஆவாள் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவியிருந்த காலம் அது. எழுத்துள்ள காகிதம் ஒன்று கீழே கிடந்தாலும், படிக்க விரும்புகிறாள் என்று பிறர் எண்ணிவிடுவரோ என்றஞ்சி அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இருபத்தைந்து வயதளவில், தாம் கண்ணாலும் கண்டிராத சைதன்ய பாகவதத்தைப் படிப்பதாக அவர் ஒரு கனவு கண்டார். அந்நூலையே கணவர் அடுக்களைப் பக்கம் கொண்டுவந்து வைத்துவிட்டு, மூத்த மகனிடம் சொல்லிச் சென்றார். அந்நாளில் நூல்கள் மரச்சட்டங்களுக்கிடையே அடுக்கிய தனித்தனி ஏடுகளாய் இருந்தன என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். தைத்துக் கட்டிய அச்சுப் புத்தகமாயின் தாளைக் கிழித்தன்றோ எடுக்கவேண்டும்! அம்மையார் ஓர் ஏட்டை மட்டும் உருவி அடுக்களையில் ஒளித்தார். மகன் எழுதிப் பழகிய பனையோலை ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். ஓலையிலுள்ள எழுத்தையும் ஏட்டிலுள்ள எழுத்தையும், இளமையிற் கேட்ட ஒலியையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்தார். ஏடு இடக் கையில், முகத்திரையின் மறைவில், அடுப்பின்மேல் சோறு. யாரேனும் வரும் அரவம் கேட்டால் ஏடு மறைந்துவிடும்.

இங்கு வந்த புதிதில் நிலையங்களின் பெயர்ப் பலகைகளில் ஆங்கில எழுத்துக்கு நேரே வங்க எழுத்தை ஒத்துப் பார்த்தே நாமும் இம்மொழியைக் கூட்டிப் படிக்கக் கற்றோம். நமக்கு அதற்கு ஓராண்டு பிடித்தது. அதை எவரும் தடுக்கவில்லை. தேநீர் விற்கும் பையன்கூடத் திருத்திக் கொடுத்தான்.

தட்டுத்தடுமாறி அம்மையார் நூலைப் படித்து முடித்தார். பின்னர் நாத்தனார்மார் இதனை அறிந்தபோது கடிந்துகொள்வர் என்றே அவர் நடுங்கினார். அவர்களோ வியந்து, மகிழ்ந்து, தாமும் உடனிருந்து கேட்கலாயினர். வீட்டிலிருந்த ஏடுகள் ஒவ்வொன்றாய் வெளிவந்தன. இராமாயணத்தின் எஞ்சிய காண்டங்களுக்கு அவர் தம் மகன் ஒருவரைக் கேட்க, அச்சுப் புத்தகம் வந்தது. கையெழுத்து ஏட்டிலே பழகிய கண்ணுக்கு அந்தப் பொடி எழுத்துப் பெருந்தொல்லையாயிற்று.

படிப்பை ஒளிக்கலாம், எழுதுவதை ஒளிக்க இயலுமா? தாள் வேண்டும், மை வேண்டும், எழுதுகோல் வேண்டும், அமர்ந்திருக்க இடமும் வேண்டும். வெளியூரிற் படித்த மற்றொரு மகன், கடிதத்துக்குத் தாயிடமிருந்து மறுமொழி வாராமையால் வருந்தி, இவையனைத்தையும் வாங்கிக் கொடுத்துச் சென்றார். அப்போதும் வீட்டு வேலை விடவில்லை. கணவரின் நோயை முன்னிட்டு வேற்றூரிற் சில திங்கள் தங்க நேர்ந்தது. அங்கே வேலை குறைவு. அந்த ஓய்விலேதான் எழுதக் கற்றார்.

அக்கையால் அவர் எழுதிய "ஆமார் ஜீபன்" என்னும் நூலே வங்க மொழியில் முதலில் அச்சேறிய தன்வரலாறு என்பர். கணவர் மறைந்தபின் அது வெளிவந்தது. எண்பது வயது கடந்தபின்னும், 1897-இல், அதை விரித்தெழுதினார். கவி ரவீந்திரரின் தமையனார் ஜோதிரிந்திரநாத் தாகூர் அதற்கு முன்னுரை தந்துள்ளார். நாம் அதனை வங்க மொழியிலேயே, இரவு வேலை முடிந்த காலைப் பொழுதுகளில், எழுத்தின்கீழ் விரல் வைத்து மெல்ல மெல்லப் படித்துவருகிறோம். குதிரைக்கு நாணிய இடம்வரை வந்திருக்கிறோம்.