பிரித்து வைத்த நெருப்பு

1669. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிங் பிராண்ட் என்பவர் வாளி வாளியாகச் சிறுநீரைச் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிக்கொண்டிருந்தார். தங்கம் எடுத்துவிடலாம் என்று நினைப்பு. தங்கம் வரவில்லை. இருட்டில் ஒளிரும், மெழுகு போன்ற ஒரு பொருள் வந்தது. வெண்பாஸ்பரஸ்! காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் அதை அடுப்படிக்குள் விட யாருக்குத் துணிச்சல் வரும்?

1826-ல் நெருப்பு வேறு வழியாக வந்தது. இங்கிலாந்தின் ஸ்டாக்டனில் மருந்துக்கடை வைத்திருந்த ஜான் வாக்கர், பொட்டாசியம் குளோரேட்டையும் ஆன்டிமனி சல்பைடையும் பிசினோடு கலக்கினார். கலக்கிய குச்சியின் நுனியில் கலவை காய்ந்து ஒட்டிக்கொண்டதாம். அதைச் சுரண்ட அடுப்புக் கல்லில் தேய்த்தார். குப்பென்று பிடித்தது. விற்பனையும் தொடங்கியது. ஆனால் எரியும் நுனி கழன்று விழுந்து துணியைப் பொசுக்கியது.

1830 வாக்கில் பிரான்சின் சார்ல் சோரியா அதே குச்சியில் வெண்பாஸ்பரஸைச் சேர்த்தார். எங்கே உரசினாலும் எரிந்தது, சந்தை கொண்டாடியது. விலையைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். பாஸ்பரஸ் ஆவியைச் சுவாசித்தவர்களுக்குப் பல்வலியில் தொடங்கி, தாடை எலும்பே அழுகியது. இந்தக் கதையில் மன்னிக்கவே முடியாத பகுதி இதுதான். மாற்று வழி தெரிந்த பிறகும், பல பத்தாண்டுகள் லாபத்துக்காக அது தொடர்ந்தது.

மாற்று வழியைக் காட்டியது ஸ்வீடன். 1844-ல் குஸ்டாஃப் எரிக் பாஷ் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்தே எடுத்துவிட்டார்; நஞ்சில்லாத செம்பாஸ்பரஸைத் தனிப் பரப்பில் பூசினார். அருமையான யோசனை, ஆனால் செம்பாஸ்பரஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தது. தொழில் படுத்துவிட்டது. அதே நாட்டின் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் விடவில்லை. மலிவாகச் செம்பாஸ்பரஸ் கிடைத்ததும் மறுபடி முயன்றார்கள். 1855 பாரீஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கினார்கள்.

1922-ல் வறண்ட சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைக் கற்கக் கல்கத்தா போனார்கள். அடுத்த ஆண்டு ஊர் திரும்பி, ஜெர்மன் இயந்திரங்களோடு ஆலை தொடங்கினார்கள். இயந்திரம் கட்டுப்படியாகவில்லை. கைத்தொழிலாக மாற்றினார்கள், மழை குறைந்த கரிசல் பூமியின் வெயிலே குச்சியையும் பெட்டியையும் காயவைத்தது. தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின.

சிவகாசிப் பக்கத்து ஆமத்தூர்ப் பெட்டிக்கடையில் தொங்கும் தீப்பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பழுப்புப் பட்டைதான் பாஷின் செம்பாஸ்பரஸ். கண்ணாடித் தூளோடு பூசியது. குச்சி முனையில் குளோரேட்டும் கந்தகமும். செம்பாஸ்பரஸையும் குளோரேட்டையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் லேசாகத் தட்டினாலே வெடிக்கும். உரசும்போது மட்டும் துளி பாஸ்பரஸ் குளோரேட்டைச் சந்திக்கிறது. குளோரேட் ஆக்ஸிஜனை விடுகிறது, கந்தகம் பற்றுகிறது, மெழுகு ஊறிய குச்சிக்குத் தீ இறங்குகிறது.