பாடசாலைக்கு வந்த பணம்

புலம்பெயர்ந்த நாடுகளில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றி நாம் பேசத் தொடங்கினால் புள்ளிகளும் பல்கலைக்கழக அனுமதியுமே பேச்சாகின்றன. அந்தப் பாடசாலைக்கு அரசு எதற்கெல்லாம் பணம் கொடுக்கிறது, யார் கேட்டதனால் கொடுக்கிறது, அது எங்கே போய்ச் சேர்கிறது என்பவை எமது பேச்சில் இடம்பெறுவதில்லை. போதைப்பொருள், வன்முறை, இனவெறுப்பு ஆகிய மூன்றையும் பாடசாலையிலேயே தடுப்பதற்கென ஒரே சட்டத்தில் வழிசெய்த நாடு அமெரிக்கா. அந்தப் பணம் வந்து போன வரலாறு, நாம் எந்த நாட்டில் வாழ்ந்தாலும் எமக்கும் பயன்படக் கூடியது.

கதை ஒரு விளையாட்டு வீரனின் சாவில் தொடங்குகிறது. 1986 ஜூன் மாதத்தில், மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து வீரன் லென் பயஸ், பொஸ்ரன் அணிக்குத் தெரிவாகி இரண்டு நாட்களில் கொக்கெயின் உட்கொண்டு இறந்தான். பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் டிப் ஓ’நீல் அந்தப் பொஸ்ரன் பகுதியைச் சேர்ந்தவர். தேர்தலும் நெருங்கிக்கொண்டிருந்தது. சில மாதங்களுக்குள் போதைப்பொருளுக்கு எதிரான பெருஞ்சட்டம் நிறைவேறி, ஒக்டோபர் 27இல் ஜனாதிபதி றீகனின் கையொப்பத்தைப் பெற்றது. அதன் ஒரு பகுதியே போதைப்பொருளற்ற பாடசாலைகளுக்கான சட்டம். முதலாண்டுக்கு 200 மில்லியன் டொலர் வரை செலவிட அது அனுமதி தந்தது.

அதே சட்டத்தின் இன்னொரு பகுதியை நாம் மறந்துவிடக் கூடாது. 5 கிராம் கிராக் வைத்திருந்து விற்க முனைந்தவனுக்கும் 500 கிராம் கொக்கெயின் தூள் வைத்திருந்து விற்க முனைந்தவனுக்கும் ஒரே குறைந்தபட்சச் சிறைத்தண்டனையை அது விதித்தது. கிராக் வழக்குகளில் பெரும்பாலும் அகப்பட்டவர்கள் கறுப்பின இளைஞர்கள். ஒரு கையால் வகுப்பறைக்குத் துண்டுப்பிரசுரத்தையும் மறு கையால் தெருவுக்கு விலங்கையும் அனுப்பிய சட்டம் அது. நூறுக்கு ஒன்று என்ற அந்த அநீதியான கணக்கு 2010இல்தான் பதினெட்டுக்கு ஒன்றாகக் குறைக்கப்பட்டது.

பாடசாலைக்கு வந்த பணத்தில் பெயர் பெற்றது ‘டெயர்’ என்ற திட்டம். லொஸ் ஏஞ்சல்ஸ் பொலிஸ் தலைவர் டரில் கேற்ஸ் 1983இல் தொடக்கிவைத்தது. சீருடை அணிந்த பொலிஸ்காரர் வகுப்புக்கு வந்து வாரந்தோறும் பாடம் நடத்துவார். பெற்றோருக்கும் பிடித்தது, பொலிசுக்கும் பிடித்தது, அரசியல்வாதிகள் படம் பிடித்துக்கொள்ளவும் வசதியானது. ஆனால் அதன் பலனை ஆராய்ந்த பல மதிப்பீடுகளைத் தொகுத்து 1994இல் வெளிவந்த ஆய்வு, பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அது ஏற்படுத்திய மாற்றம் மிகச் சிறியது என்று கண்டது. அதே ஆண்டில் நிறைவேறிய புதிய சட்டமோ, ஆளுநர்கள் பணம் கொடுக்கக்கூடிய திட்டங்களில் ஒன்றாக டெயரைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது.

அந்தப் புதிய சட்டத்தில்தான் வன்முறையும் வெறுப்பும் சேர்ந்துகொண்டன. வெறுப்பு என்ற சொல் எம்மைத் தொடும் இடம் இது. 1987இல் நியூ ஜேர்சி மாநிலத்தின் ஜேர்சி சிற்றியில், இந்தியர்களை ஊரைவிட்டுத் துரத்துவோம் என்று மிரட்டும் கடிதமொன்று பத்திரிகையில் வெளியானது. எழுதியவர்கள் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயரைத் தமிழில் சொன்னால் ‘பொட்டு உடைப்போர்’ என்று வரும். எமது தாய்மாரின் நெற்றியில் இருக்கும் பொட்டே இலக்கின் பெயரானது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் அருகிலுள்ள ஹொபோக்கனில் நவ்ரோஸ் மோடி என்ற இந்தியர் இளைஞர் கூட்டமொன்றால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் பார்சி இனத்தவர். பொட்டு வைக்காதவர். வெறுப்புக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அவரைத் தாக்கியவர்கள் பாடசாலை வயதை ஒட்டிய பிள்ளைகள்.

எனவே 1994ஆம் ஆண்டுச் சட்டம், வெறுப்புக் குற்றங்களால் நேரடியாகப் பாதிக்கப்பட்ட இடங்களுக்கு மானியம் வழங்கலாம் என்று ஒரு தனிப் பிரிவை வைத்தது சரியான காரியமே. பாடத்திட்டம் எழுதலாம், ஆசிரியருக்குப் பயிற்சி தரலாம், பாடசாலைகளுடன் சமூக அமைப்புகளும் பணம் கேட்கலாம். ஆனால் கொடுத்த தொகையைப் பாருங்கள். 1996இல் இதற்கென வழங்கப்பட்டது ஏறத்தாழ 2 மில்லியன் டொலர். அந்த ஆண்டில் சட்டத்தின் கீழ் மொத்தமாக ஒதுக்கப்பட்டதோ 400 மில்லியனுக்கும் அதிகம். சட்டத்தில் மூன்று தீமைகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. காசு பங்கிடும்போது வெறுப்பு கடைசிப் பந்தியில் இருந்தது.

மிகுதிப் பணம் எங்கே போனது? நாட்டின் ஏறக்குறைய எல்லாப் பாடசாலை மாவட்டங்களுக்கும் பகிரப்பட்டது. மாவட்டங்களுக்குப் போன பங்கில் பெரும்பகுதி மாணவர் தொகையைக் கணக்கிட்டே கொடுக்கப்பட்டதால், பிரச்சினை உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்கப்பட்டது. சிறிய மாவட்டமொன்றுக்குக் கிடைத்த தொகையில் ஒரு ஆலோசகரைக்கூட முழுநேரமாக வைத்திருக்க முடியாது. பொம்மலாட்டத்துக்கும் டிஸ்னிலாண்ட் அனுமதிச்சீட்டுக்கும்கூட இப்பணம் செலவானதை லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் 1998இல் எழுதியது. உலோகம் கண்டறியும் கருவிகளுக்கும் காவலாளருக்கும் மாவட்டமொன்று 20 சதவீதத்துக்கு மேல் செலவிடக் கூடாது என்று 1994இல் இருந்த வரம்பு, 2002 ஜனவரியில் புஷ் கையொப்பமிட்ட சட்டத்தில் 40 சதவீதமாக உயர்ந்தது. பிள்ளையோடு பேசுவதைவிடப் பிள்ளையின் பையைச் சோதிப்பது இலகு.

2001 செப்ரெம்பர் தாக்குதலுக்கு நான்கு நாட்களின் பின் அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தனது பெற்றோல் நிலையத்தின் முன் சுட்டுக் கொல்லப்பட்டார். அரபு, முஸ்லிம் பிள்ளைகள் துன்புறுத்தப்படாமல் பார்த்துக்கொள்ளும்படி கல்விச் செயலாளர் றொட் பேஜ் பாடசாலைகளுக்குக் கடிதம் எழுதினார். நல்ல கடிதந்தான். ஆனால் ஆபத்து வந்த பின் எழுதும் கடிதம், ஆண்டுதோறும் நடக்கும் வேலைக்கு ஈடாகாது.

2003இல் வெள்ளை மாளிகையின் வரவுசெலவுத் திட்ட அலுவலகம் மாநிலங்களுக்கான இந்த மானியத்தைப் பயனற்றதென வகைப்படுத்தியது. சீராக்க வேண்டியதைச் சீராக்காமல் தொகையைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 2009இல் 300 மில்லியனுக்குச் சற்றுக் குறைவாக இருந்த மாநில மானியம் 2010 நிதியாண்டில் ஒரேயடியாக நின்றுபோனது. 2015இல் வந்த புதிய கல்விச் சட்டம் மாணவர் நலனுக்கென வேறொரு மானியத்தைக் கொண்டுவந்தது. 2017இல் 400 மில்லியனாக இருந்த அது 2018இல் 1.1 பில்லியன் ஆனது. ஆனால் வெறுப்புக் குற்றத் தடுப்புக்கென்று முன்பிருந்த தனிப் பிரிவு அதில் இல்லை. 2022 மே மாதத்தில் ரெக்ஸஸின் யுவால்டேயில் 19 பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் கொல்லப்பட்டபின் ஏறக்குறைய ஒரு மாதத்தில் மீண்டும் பெரும்பணம் வந்தது. அந்தச் சட்டத்தின் வழி வந்த பாடசாலை உளநல மானியங்களில் ஏறக்குறைய ஒரு பில்லியன் டொலரைத் தொடர்வதில்லை என்று கல்வித் திணைக்களம் 2025 ஏப்ரலில் அறிவித்தது. விடயம் நீதிமன்றம் போனது.

இந்த வரலாற்றில் ஒரு ஒழுங்கு தெரிகிறது. நாடறிந்த ஒரு சாவு நிகழ்கிறது, பணம் வருகிறது. பார்வைக்குத் தெரியும் காரியங்களில் அது செலவாகிறது. பின் பலனில்லை என்று சொல்லி நிறுத்தப்படுகிறது. நாடறியாத சாவுகளுக்கும், பேருந்தில் தினமும் ஏச்சு வாங்கும் பிள்ளைக்கும் இந்த ஒழுங்கில் இடமில்லை. எமது பிள்ளைகளிற் பலர் அந்த இரண்டாவது வகையினர்.

ஆனால் அதே சட்டங்களில் நாம் கவனியாத ஒரு வாசகமும் உண்டு. பாடசாலை மாவட்டம் இப்பணத்துக்கு விண்ணப்பிக்கும்போது பெற்றோரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 1994ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 2015ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கிறது. அந்தக் கூட்டங்களுக்கு யார் போகிறார்களோ அவர்களுடைய பயமே திட்டமாகிறது. இரண்டு வேலை பார்க்கும் தகப்பனுக்கு மாலைக் கூட்டத்துக்குப் போவது கடினம். ஆங்கிலம் தட்டுத்தடுமாறும் தாய்க்கு அங்கே வாய் திறப்பது அதைவிடக் கடினம். இதை நாம் அறிவோம். ஆனாலும் கோயில் திருவிழாவுக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் முறை வைத்து ஆள் அனுப்பத் தெரிந்த சமூகம் நாம். ஊருக்கு இரண்டு பேர், பேசத் தெரிந்தவர் ஒருவரும் கேட்கத் தெரிந்தவர் ஒருவருமாக, அந்தக் கூட்டத்துக்கும் முறை வைத்துப் போகலாம். எமது பிள்ளையின் பெயரில் எவ்வளவு வந்தது, வெறுப்பைத் தடுக்க அதில் எவ்வளவு போனது என்று அங்கே கேட்க வேண்டும்.