உயர்செயல்திறன் ஃபோர்ட்ரான்: ஒரு பன்னாட்டுத் தொகுப்பி முயற்சியின் வரலாறு

ஒவ்வொரு செயலிக்கும் தனி நினைவகம் கொண்ட இணைக்கணினிகள் 1980களில் ஆய்வுக்கூடங்களுக்கு வந்தபோது, அவற்றுக்கு நிரல் எழுதுதல் பெருஞ்சுமையாக இருந்தது. எந்தத் தரவு எந்தச் செயலியிடம் உள்ளது, அதை மற்றொரு செயலி எப்போது பெறவேண்டும் என்பனவற்றை நிரலரே எழுதவேண்டியிருந்தது. இச்சுமையைக் கம்பைலர் எனப்படும் தொகுப்பியிடம் ஒப்படைக்க இயலுமா என்னும் வினா, அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தது.

செருமனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் சீமா குழுவினர் உருவாக்கிய 'சூப்பர்ப்' கருவி பற்றிய கட்டுரை 1988இல் வெளிவந்தது. பின்னர் வியன்னாவில் அவரும் பார்பரா சாப்மனும் பிறரும் 'வியன்னா ஃபோர்ட்ரான்' மொழியை வகுத்தனர். ஹூஸ்டனின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் கென் கென்னடியும் சிரக்யூஸில் ஜெஃப்ரி ஃபாக்ஸும் தத்தம் குழுவினருடன் 'ஃபோர்ட்ரான் டி'யை உருவாக்கினர். தரவை எவ்வாறு பங்கிடுவது என்பதை மட்டும் நிரலர் கூற, எஞ்சியதைத் தொகுப்பி செய்யவேண்டும் என்பதே இரண்டுக்கும் பொதுவான அடிப்படை.

இதனை ஓர் எளிய சான்றால் விளக்கலாம். 1000 உறுப்புகள் கொண்ட இரண்டு அணிகள் 4 செயலிகளுக்குத் தொடர்ச்சியாக 250 வீதம் பங்கிடப்படுகின்றன. முதல் அணியின் ஒவ்வோர் இடத்திலும், இரண்டாம் அணியின் அடுத்த இடத்து மதிப்பை இடவேண்டும். எல்லைகளில் உள்ள 3 மதிப்புகள் மட்டுமே செயலி விட்டுச் செயலி செல்லும். அதே அணிகளைச் சீட்டுக்கட்டுப் போல ஒவ்வொன்றாகச் சுற்றிப் பங்கிட்டால் 999 மதிப்புகளும் பயணப்படும். நிரலில் மாறுவது ஒரே வரி. விளைவோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

இவ்விரு மரபுகளும் பிறவும் சேர, 1992 சனவரியில் ஹூஸ்டனில் கூடிய மன்றம் 1993 மே மாதத்திலேயே உயர்செயல்திறன் ஃபோர்ட்ரானின் வரையறையை வெளியிட்டது. இவ்விரைவே பின்னர் இடராயிற்று என்பது என் கருத்து. மொழி பிறந்துவிட்டது, அதற்கேற்ற தொகுப்பிகள் முதிரவில்லை. செயலிக்குச் செயலி வெவ்வேறு அளவில் தரவைப் பங்கிடும் வசதி வியன்னா ஃபோர்ட்ரானில் முன்பே இருந்தும், அது 1997இன் இரண்டாம் பதிப்பில்தான், அதுவும் விரிவாக்கமாகவே, இடம்பெற்றது. அதற்குள் 1994இல் வெளியான எம்.பி.ஐ. தரத்தைப் பலர் ஏற்றுக்கொண்டிருந்தனர். செய்தி அனுப்பும் சுமை மீண்டும் நிரலரிடமே வந்தது.

கென்னடி, கோல்பெல், சீமா ஆகியோர் 2007இல் எழுதிய வரலாற்றுக் கட்டுரை இம்மொழியின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பேசுகிறது. படைத்தவர்களே தம் படைப்பின் குறைகளை எடுத்துரைப்பது அரிது. எனினும் 'வீழ்ச்சி' என்னும் சொல் சப்பானுக்கு முழுதும் பொருந்துவதாகத் தோன்றவில்லை. யோக்கோகாமாவின் 'புவி உருவகக் கணினி'யில் இம்மொழியில் எழுதிய பாய்ம இயக்க நிரல் நொடிக்கு 14.9 டெராஃபிளாப் வேகம் எட்டி, 2002இல் கோர்டன் பெல் பரிசு பெற்றது. அங்கே பயன்பட்டது சப்பானியர் விரித்தமைத்த வடிவம். எல்லை மதிப்புகளை எப்போது கொண்டுவரவேண்டும் என்பதை அதில் நிரலரே தொகுப்பிக்குச் சொல்ல முடிந்தது.