கேட்காமல் எடுத்த செல்கள்

மனித உரிமை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஓட்டுரிமை, பேச்சுரிமை, போலீஸ், சிறை இவைதான். நம் உடம்பிலிருந்து எடுத்த ஒரு துளி ரத்தத்தின் மேல் நமக்கு உரிமை உண்டா? அதிலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகும் தகவல் யாருக்குச் சொந்தம்? இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கதை இருக்கிறது.

முதலில் கொஞ்சம் பின்னணி. வதைமுகாம் கைதிகள் மேல் கொடூரப் பரிசோதனைகள் செய்த நாஜி டாக்டர்களை, அமெரிக்க நீதிபதிகள் நியூரம்பெர்க் நகரில் விசாரித்தார்கள். 1947-ல் வந்த அந்தத் தீர்ப்பில் பத்து விதிகள் இருந்தன. பரிசோதனைக்கு உள்ளாகிறவர் தானாக முன்வந்து சம்மதம் தரவேண்டும் என்பதுதான் முதல் விதி. அடுத்த வருடமே ஐ.நா. சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஆக, காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது!

1951-ல் அதே அமெரிக்காவில், பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு ஹென்ரியட்டா வந்தார். கறுப்பினத்தவர், ஐந்து குழந்தைகளின் தாய், புகையிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். கறுப்பர்களுக்கு அங்கே தனி வார்டு. அவருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய். சிகிச்சையின்போது கட்டியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி ஆராய்ச்சிக்கு அனுப்பினார்கள். அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த அக்டோபரிலேயே, 31 வயதில் அவர் இறந்துபோனார்.

ஆனால் அவருடைய செல்கள் சாகவில்லை. அதுவரை ஆய்வகத்தில் மனித செல்கள் சில நாட்களில் மடிந்துவிடும். இவையோ ஏறக்குறைய ஒரு நாளில் இரண்டு மடங்காகப் பெருகின! ஜார்ஜ் கை என்ற விஞ்ஞானி இவற்றுக்கு 'ஹீலா' என்று பெயர் வைத்து, கேட்டவர்களுக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார். போலியோ தடுப்பூசியைச் சோதிக்க இவை உதவின, விண்வெளிக்கும் போய்வந்தன. பின்னாளில் கம்பெனிகள் இவற்றை விற்றுக் காசு பார்த்தன.

குடும்பத்துக்கு விஷயம் தெரிந்தது 1973-ல், 22 வருடம் கழித்து. அப்போதும் பிள்ளைகளிடம் ஆராய்ச்சிக்காக ரத்தம் எடுத்தார்கள், எதற்கென்று புரியும்படி சொல்லவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜார்ஜ் கை நாஜி டாக்டர் அல்ல. அந்தக் காலத்தில் நோயாளியைக் கேட்காமல் திசு எடுப்பது சாதாரண வழக்கம், தடுக்கச் சட்டமும் இல்லை. ஒருவருடைய உரிமையைப் பறிக்க வில்லன் தேவையில்லை, "இதைப் போய் எதற்குக் கேட்பது?" என்ற வழக்கமே போதும்.

கதை இதோடு முடியவில்லை. 2013 மார்ச்சில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஹீலாவின் மரபணுத் தொகுப்பு முழுவதையும் இணையத்தில் வெளியிட்டார்கள். மறுபடியும் குடும்பத்தைக் கேட்கவில்லை! மரபணு என்பது ஒருவரோடு நிற்பதில்லை, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பற்றியும் சொல்லும். எதிர்ப்பு வந்ததும் அதை நீக்கினார்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் குடும்பத்தோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. அதன்படி, இந்தத் தகவல் வேண்டும் என்பவர்கள் ஒரு குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும், அந்தக் குழுவில் லாக்ஸ் குடும்பத்தினரும் இருப்பார்கள்.

1951-ல் தேவைப்பட்டது ஒரு பெண்ணின் சம்மதம். 2013-ல் கேட்கவேண்டியிருந்தது ஒரு குடும்பத்தை! 2018-ல் கலிஃபோர்னியாவில், உறவினர்கள் தாங்களாக ஒரு மரபணு இணையதளத்தில் ஏற்றிய தகவலைக் கொண்டே ஒரு பழைய கொலையாளியைப் பிடித்தார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாம் டெஸ்டுக்குக் கொடுக்கும் எச்சில் நம் சொந்தக்காரர்களையும் காட்டிக்கொடுக்கும் என்பது இதில் தெரிகிறதே! அப்படியென்றால் 'என் சம்மதம்' மட்டும் போதுமா? நியூரம்பெர்க் விதிகள் இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை. இனி நாம்தான் யோசிக்க வேண்டும்.

2023 ஆகஸ்டில், செல்களை விற்ற ஒரு கம்பெனி லாக்ஸ் குடும்பத்தோடு சமரசம் செய்துகொண்டது. எவ்வளவு கொடுத்தார்கள் என்பது ரகசியம். ஹென்ரியட்டாவின் மருத்துவ விவரங்களுக்கு மட்டும் அந்த ரகசியம் கிடைக்கவே இல்லை.